வேண்டுதல் இல்லாத மொட்டை

ஜூன் பதினேழு, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. கட்டிகள் நான்கு. கழுத்தின் இடப்பக்கம் இரண்டு, இடது அக்குளில் ஒன்று, கைக்கு அகப்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரிகிற ஒன்று வயிற்றுக்குள். மதுரையில் புற்றுநோய் டாக்டரின் அறைக்கு வெளியே உன் அம்மாவும் நானும் உட்கார்ந்திருக்கிறோம். நீ விருதுநகரில் எல்.கே.ஜி. வகுப்பில் இருக்கிறாய். உனக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. நீ வளர்ந்து ஆளான பிறகு படிக்க வேண்டிய கடிதம் இது. நடுவில் வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இதே நோய் வந்த எவனாவது படித்தால், நான் செய்த முட்டாள்தனத்தை அவன் செய்யாமல் இருக்கட்டும். சுற்றி வளைக்க எனக்கு வராது. பயமாக இருக்கிறது. அதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

எனக்கு வந்திருப்பதன் பெயர் லிம்போமா. அதில் மெதுவாக வளர்கிற வகை. ரிப்போர்ட்டில் ஃபாலிகுலர் என்று போட்டிருக்கிறது. சளி பிடித்தால் தாடைக்குக் கீழே நெறி கட்டுமே, அந்த நிணநீர்க் கணுக்களில் இருக்கிற வெள்ளணுக்களில் ஒரு கூட்டம் கெட்டுப்போய், சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் சேர்ந்துகொண்டே போகிறது. நோய் அவ்வளவுதான். பொங்கலுக்கு முந்தின வாரம் சவரம் செய்யும்போது கழுத்துக் கட்டி கையில் தட்டுப்பட்டது. வலித்திருந்தால் மறுநாளே டாக்டரிடம் போயிருப்பேன். வலிக்காததால் சாதாரண நெறிதான் என்று விட்டுவிட்டேன். உன் அம்மாதான் விடவில்லை. பிறகு ஒரு கணுவை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், எலும்பு மஜ்ஜையையும் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து, சரி, எப்போது ஆரம்பிக்கிறோம் என்று நான் பேனாவோடு உட்கார்ந்தால், டாக்டர் அம்மா சொன்னது இது: “இப்போதைக்கு ட்ரீட்மென்ட் எதுவும் வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க. பாத்துக்கிட்டே இருப்போம்.”

பார்த்துக்கொண்டே இருப்பதாம். புற்றுநோய் என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கு என்றால் எவனுக்குத் தூக்கம் வரும்? என் வேலையை நினைத்துப் பார். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி நான். கெமிக்கல் என்ஜினீயரிங் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். அங்கே எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. அன்றைக்குக் கலந்த வெடிமருந்து அன்றைக்கே தீர வேண்டும். மிஞ்சினால் அறைக்குள் வைக்கக் கூடாது. ஈரக் காற்றுப் பட்டால் அது தனக்குத்தானே சூடேறும்; எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. சீசனில் ஆர்டர் நெருக்கும்போது ஃபோர்மேன் கருப்பசாமி அண்ணன் கெஞ்சுவார். “சார், எம்புட்டுக் கலவை மிஞ்சிருக்குன்னு பாருங்க, சும்மா ஒரு கை. காலையில வந்ததும் முத வேலையா குழாயில போட்ருவோம்.” நான் விட்டதில்லை. “அண்ணே, அது காலையில வரைக்கும் காத்திருக்கும்னு உங்ககிட்டச் சொல்லுச்சா?” என்று கேட்பேன். மிச்சத்தை வெட்டவெளிக்குக் கொண்டுபோய் அழித்த பிறகுதான் கேட்டைப் பூட்டவிடுவேன். இப்படிப்பட்டவனுடைய கழுத்திலேயே மிச்சக் கலவையை வைத்துப் பூட்டிவிட்டு, காத்திரு என்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவு சத்தத்தோடு வரும். தூரத்தில் ‘டொம்’ என்று கேட்டதும் எல்லோரும் வாசலுக்கு வந்து புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். அந்தத் திசையில் வேலைக்குப் போயிருக்கிற ஒவ்வொருத்தருக்கும் போன் போடுவோம். எடுத்து “நம்ம கம்பெனி இல்ல” என்று சொன்னால் மூச்சு வரும். அந்தப் பயம் எனக்குப் பழக்கம். அதற்கு என்னிடம் விதிகள் இருக்கின்றன, வாளியில் மணல் இருக்கிறது, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க வாசலில் தொட்டுவிட்டுப் போகச் செப்புத் தகடு இருக்கிறது. சத்தமே இல்லாமல், வலிக்கவும் வலிக்காமல், வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வருகிற ஒன்றுக்கு எப்படிப் பயப்படுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் தெரிந்ததைச் செய்தேன். அளந்தேன்.

பேன்சி ரகப் பட்டாசுக்கான காகிதக் குழாயின் விட்டத்தைச் சரிபார்க்க ஆபீஸில் வெர்னியர் என்கிற இடுக்கி அளவுகோல் இருக்கிறது. அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று கழுத்துக் கட்டியை அந்தக் கருவியின் இரண்டு தாடைக்கும் நடுவில் பிடித்து, திருகி, அளவைப் போனில் ஏற்றினேன். நாள்வாரியாகக் கோடு இழுத்து கிராப் போட்டேன். கம்பெனியில் பெட்டி எடை போடும் தராசில் ஏறி நின்றேன். கருப்பசாமி அண்ணன் பார்த்துவிட்டு, “என்ன சார், நீங்களும் லோடுல போறீகளா? பில்லு எந்த ஊருக்குப் போட?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எடை குறைகிறதா என்று பார்க்கத்தான் ஏறினேன் என்று எப்படிச் சொல்வது? வேர்வை இன்னொரு தொல்லை. ராத்திரியில் படுக்கை நனைகிற அளவுக்கு வேர்த்தால் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மே மாசத்து விருதுநகரில், கரண்ட் போன வீட்டில், நோய் வேர்வை எது, வெயில் வேர்வை எது? விழிக்கும்போதெல்லாம் முதலில் என் பனியனைத் தொட்டுப் பார்ப்பேன். அப்புறம் உன் சட்டையைத் தொடுவேன். உன்னுடையதும் நனைந்திருந்தால் நிம்மதி. பெற்ற பிள்ளைக்கு வேர்க்கிறதே என்று சந்தோஷப்பட்ட தகப்பன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

கிராப் ஏறியது. போன மாதக் கடைசியில் தெளிவாகவே ஏறியது. அதோடு கட்டியைத் தொட்டால் வலிக்கவும் செய்தது. இனி காத்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன். இன்றைக்கு வந்து கிராபைக் காட்டி, கீமோவை ஆரம்பியுங்கள் என்று கேட்டு வாங்குவது என் திட்டம். கீமோ என்றால் முடி கொட்டும். உன்னை நினைத்துப் பார்த்தேன். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருவதை, தலை சொட்டை சொட்டையாக ஆவதை நீ பார்க்கக் கூடாது. நம் பக்கத்தில் ஒரு ஆம்பளை மொட்டைத் தலையோடு வந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எந்தக் கோயில் என்றுதான் கேட்பார்கள். அதனால் போன வெள்ளிக்கிழமை இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய் முடியிறக்கினேன். கொட்டுவதற்கு முன்னால் நானே எடுத்துவிட்டால், அது நோயின் கணக்கில் சேராது. சாமி கணக்கில் போய்விடும். நீ பயப்பட மாட்டாய்.

நீ பயப்படவில்லை. எனக்கும் வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதாய். அப்பனும் மகனுமாக ஆற்று மணலில் சந்தனத் தலையோடு நிற்கிற போட்டோ அம்மாவின் போனில் இருக்கிறது. பஸ் ஏறிய பிறகுதான் அவள் கேட்டாள். “கோயிலுக்குப் போனா செருப்புக்குக் காவலா வெளியவே நிக்கிற மனுசன். உங்களுக்கு என்ன வேண்டுதல்?” ஒன்றும் இல்லை, சும்மாதான் என்றேன். “சும்மா முடியெறக்குறதுக்கு நம்ம தெருமுக்குச் சலூன் போதாதா? எங்கிட்ட மறைக்கிறதுக்குக்கூட சாமிதான் வேணுமா உங்களுக்கு?” என்றாள். உன் அம்மாவிடம் எதையும் மறைக்க முடியாது. முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதே.

இங்கே வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒன்று நடந்தது. எதிர் நாற்காலியில் ஒரு அம்மா, தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவனுக்கு என் வயது இருக்கும். தொப்பி போட்டிருந்தான், புருவத்தில்கூட முடி இல்லை. அந்த அம்மா என் தலையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “தம்பிக்கு எத்தனாவது மருந்து ஓடுது?” உன் அம்மா, “இல்லத்தா, இது இருக்கன்குடி மொட்டை. இவுகளுக்கு இன்னும் ஒண்ணும் ஆரம்பிக்கல” என்றாள். அந்தப் பையன் என் தலையைப் பார்த்துச் சிரித்தான். “குடுத்து வச்சவரு. எனக்கெல்லாம் சாமி கேக்காமலே எடுத்துக்கிருச்சு” என்றான். நல்ல பையன், கேலிக்குத்தான் சொன்னான். ஆனால் அவன் புருவத்தை மறுபடி பார்த்தபோது எனக்கு உறைத்தது. எதை ஒத்திகை பார்க்கிறேன் என்று தெரியாமல் ஒத்திகை பார்த்திருக்கிறேன். கூப்பிடுகிறார்கள். மீதியை வந்து எழுதுகிறேன்.

மணி ஒன்று. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஓட்டலில் இருக்கிறோம். உன் அம்மா இரண்டு ஊத்தப்பம் சாப்பிட்டாள். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. உள்ளே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

டாக்டர் அம்மா முதலில் என் தலையைப் பார்த்தார். “யார் எடுக்கச் சொன்னது?” நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா முந்திக்கொண்டாள். “முன்கூட்டியே எடுத்துட்டாகளாம் மேடம். தெனமும் கழுத்துல இடுக்கி வேற போடுறாக.” நான் கிராபை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கட்டிக்கு மேலே தோல் சிவந்திருப்பது ஏன் என்று கேட்டார். வெர்னியர் என்றேன். எதை அளக்கிற வெர்னியர் என்று கேட்டார். சொன்னேன். “காகிதக் குழாய் அமுங்காது. இது அமுங்கும், வழுக்கும், மேல தோல், அதுக்குக் கீழ கொழுப்பு. தினமும் ஒரே அழுத்தத்துலயா பிடிச்சீங்க?” இல்லை. “தினமும் நசுக்குனா தோல் வீங்குமா, வீங்காதா?” வீங்கும். “இந்த அளவை உங்க ஜூனியர் ஒருத்தர் எடுத்துட்டு வந்திருந்தா?” கிழித்துப் போட்டிருப்பேன் என்றேன். உண்மையிலேயே கிழித்திருப்பேன். அதோடு, இந்த வகைக் கட்டி சில சமயம் தானாகவே கொஞ்சம் சுருங்கும், கொஞ்சம் பெருக்கும். ஒரு வார ஏற்ற இறக்கத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார். இரத்தத்தில் எல்லா அணுக்களும் சரியாக இருக்கின்றன. எடை அப்படியே இருக்கிறது. காய்ச்சல் இல்லை. போன தடவை பார்த்ததற்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நான் விடவில்லை. மிச்சக் கலவையைப் பற்றிச் சொன்னேன். ஆபத்தானதைக் கண்டுபிடித்த பிறகு அதை உள்ளே விட்டு வைப்பது எந்த ஊர் நியாயம் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. “அந்த மிச்சத்தை எங்க வச்சு அழிப்பீங்க?” வெட்டவெளியில், ஆள் இல்லாத இடத்தில். “இதை எந்த வெட்டவெளிக்குக் கொண்டு போறது? கட்டி ஒரு இடத்துல மட்டும் இருந்தா ரேடியேஷன் குடுத்து அழிக்கப் பார்க்கலாம். உங்களுக்கு மூணு இடத்துல இருக்கு. எது குடுத்தாலும் உடம்பு முழுக்கப் போகும். நீங்களும் உள்ளதான இருக்கீங்க?”

பிறகு ஒரு தாளை எடுத்து, என் பக்கமாகத் திருப்பி வைத்து, என்னென்ன வழி உண்டு என்று எழுதிக் காட்டினார். உனக்கும் தெரிந்திருக்கட்டும். நோய் தொந்தரவு செய்யாதவரை கவனித்து வருவது ஒரு வழி. கெட்ட அணுவின் மேலிருக்கிற அடையாளத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற ஊசியை மட்டும் நரம்பு வழியாக ஏற்றுவது இன்னொன்று. அதில் பெரும்பாலும் முடிகூடக் கொட்டாது. தேவை முற்றினால் அந்த ஊசியோடு கீமோ. அப்புறமும் திரும்பி வந்தால் மாத்திரைகள், வேறு புதிய ஊசிகள், நம் அணுக்களையே வெளியே எடுத்துப் பழக்கித் திரும்ப ஏற்றுகிற வைத்தியம். எதைக் கொடுத்தாலும் இந்த நோய் அடங்கும், பல வருஷம் அடங்கியே கிடக்கும், மறுபடி தலைதூக்கலாம், அப்போது மறுபடி அடக்க வேண்டும். அறிகுறி இல்லாத ஆளுக்கு முன்கூட்டியே கீமோ கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று இதுவரை யாரும் காட்டவில்லை. பக்க விளைவு மட்டும் நிச்சயம். “எத்தனை வருஷம் இருப்பேன்?” என்று கேட்டேன். உன் அம்மா என் கையைப் பிடித்தாள். “நிறையப் பேர் இதோட ரொம்ப வருஷம் இருக்காங்க. உங்களுக்கு எத்தனைன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல” என்றார். கம்பெனி ரசாயனத்தால் வந்ததா என்றும் கேட்டேன். ஒரு தனி ஆளைக் காட்டி, இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்றார். அங்கே என்னோடு வேலை பார்க்கிற அத்தனை பேர் முகமும் என் கண்ணில் வந்து போனது.

கடைசியாக அவர் சொன்னதுதான் எனக்கு எதிர்பாராதது. “உங்களுக்குக் காத்திருக்கவே முடியலைன்னா, அந்த ஊசியை மட்டும் இப்பவே ஆரம்பிக்கலாம். தப்பு ஒண்ணும் இல்ல. கீமோ வேண்டி வர்ற நாளைத் தள்ளிப் போடும். ஆயுசு கூடும்னு சொல்ல மாட்டேன். கிருமித் தொற்று சுலபமா வரும், தடுப்பூசி சரியா வேலை செய்யாது. முடிவு உங்களோடது. ஆனா ஒண்ணு கேக்குறேன். நோய்க்குக் கேக்குறீங்களா, பயத்துக்குக் கேக்குறீங்களா?”

பயத்துக்குத்தான் என்றேன். எதிலும் உடனே முடிவு சொல்கிறவன் என்று எனக்குப் பெயர். அந்த அறையில் மட்டும் நாற்காலியில் திரும்பி உன் அம்மாவைப் பார்த்தேன். அவள்தான் பேசினாள். “மேடம், இவுக பயந்தா நான் பாத்துக்கிடுவேன். நோவு பெருத்தா நீங்க பாத்துக்கிடுங்க. ரெண்டையும் ஒரே ஊசியில போட வேண்டாம்.” டாக்டர் என்னைப் பார்த்தார். நான் உன்னைத்தான் நினைத்தேன். நீ வளரும் வரை நான் இருக்க வேண்டும் என்றால், கையில் இருக்கிற ஆயுதங்களை முதல் நடுக்கத்திலேயே வீசிவிடக் கூடாது. காத்திருக்கிறேன் என்றேன். சொன்னபோது தைரியம் எதுவும் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

நான் இவ்வளவு நாள் நினைத்திருந்தது, பயம் வந்தால் உடனே எதையாவது செய்ய வேண்டும் என்பது. என் தொழிலில் அது சரி. அதுதான் ஆட்களை உயிரோடு வீட்டுக்கு அனுப்புகிறது. ஆனால் பயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, செய்யக் கூடாததைச் செய்யாமல் இருப்பதும் ஒரு வேலை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அதில் நான் மோசமான ஆள். நீயும் என் பிள்ளைதான். இட்லி ஆறும் வரை உனக்குப் பொறுக்காது, நாக்கைச் சுட்டுக்கொள்வாய். உனக்கும் என்றைக்காவது இப்படி ஒன்று வரும். நோயாக இல்லாமல் வேறு ஏதாவதாக வரட்டும். அப்போது எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று கை பரபரக்கும்போது, இது எதற்காக என்று உன்னிடம் யாராவது கேட்கட்டும். கேட்கிற ஆளைக் கட்டிக்கொள். உன் அம்மா பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, “இம்புட்டுப் பக்கமா? நாலரை வயசுப் பயலுக்கு எழுதுறீகளா, கலெக்டருக்கு மனு எழுதுறீகளா?” என்கிறாள். முடித்துவிடுகிறேன். இனி நான் செய்யப்போவது:

1. மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க இன்றைக்கு இரத்தம் கொடுத்திருக்கிறேன். பின்னால் ஊசி போட வேண்டி வந்தால் அது தெரிந்திருக்க வேண்டும். ரிசல்ட்டை வியாழக்கிழமை வாங்குவேன்.

2. நிமோனியாவுக்கும் ஃப்ளூவுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்வேன். இப்போது போட்டால்தான் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளும்.

3. மாதத்தில் ஒரு நாள் மட்டும் விரலால் தொட்டுப் பார்ப்பேன். கருவி எதுவும் கிடையாது.

4. காய்ச்சல் விடாமல் அடித்தால், படுக்கை நனைய வேர்த்தால், காரணமில்லாமல் எடை இறங்கினால், எந்தக் கட்டியாவது திடீரென்று பெருத்தால், மூன்று மாதம் ஆகட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே மதுரைக்கு வருவேன். மெதுவானது வேகமானதாக மாறுவதும் உண்டாம். அப்போது மறுபடி வெட்டிப் பார்ப்பார்கள்.

5. முதலாளியிடம் நாளைக்கே சொல்வேன். நான் இல்லாத நாளில் அறை அறையாகப் போய்ப் பார்க்க ஒரு ஆளை இப்போதே பழக்க வேண்டும்.

6. பயம் வந்தால் உன் அம்மாவிடம் சொல்வேன்.

7. செப்டம்பரில் திரும்ப வருவேன். அதற்கடுத்து டிசம்பரில்.

8. உனக்கு இருபத்தொரு வயது முடிகிற அன்று இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பேன். ரிப்போர்ட்டில் ‘நம்புகிறேன்’ என்று எழுதுகிறவனை நான் திட்டுவேன். செய்வதை எழுது, நம்புவதை எழுதாதே என்பேன். அதனால் ‘கொடுப்பேன்’ என்றுதான் எழுதியிருக்கிறேன்.